வேலந்தாவளம் முதல் கம்பம்மெட்டு வரை: மதுவின் சுமைகூலி

கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டுக்குச் செல்லும் 544ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், க.க.சாவடியை அடுத்துத் தெற்கே பிரியும் சாலை பிச்சனூர் வழியாகச் சில கிலோமீட்டர் சென்று வேலந்தாவளத்தில் கேரளத்துக்குள் நுழைகிறது. பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில், வடகரப்பதி ஊராட்சியில் அமைந்த இவ்வூர் வாளையாற்றைப் போலப் பெயர் பெற்ற நுழைவாயில் அன்று. பெருஞ்சரக்கு லாரிகள் நெடுஞ்சாலையிலேயே போய்விட, பால் வண்டிகளும், காய்கறி ஏற்றிய மினி லாரிகளும், வேலைக்குப் போய்வருவோரின் இருசக்கர வாகனங்களும் கடக்கும் சிற்றெல்லையாகவே இது இருந்துவருகிறது. எல்லையின் இருபுறமும் தென்னந்தோப்பு ஒன்றே, பேச்சும் பெரும்பாலும் தமிழே. கடைப் பலகையின் எழுத்தும், பேருந்தின் நிறமும், சோதனைச்சாவடியில் நிற்பவரின் சீருடையும்தான் மாநிலம் மாறியதைத் தெரிவிக்கின்றன. இந்தக் கிழக்கு விளிம்பில் தமிழ் எவ்வளவு வேரூன்றியது என்பதற்குச் சித்தூர் அரசுக் கல்லூரியில் இயங்கும் தமிழ்த்துறையே சான்று.

எல்லை இப்படி வளைந்து நெளிந்து கிடப்பதற்கு வரலாறு காரணம். பாலக்காடு சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தபோது, சித்தூர் வட்டம் கொச்சி அரசின் கீழ் இருந்தது. கொச்சியின் ஏனைய நிலப்பகுதியோடு ஒட்டாமல், ஒருபுறம் மலபாரும் மறுபுறம் கோயம்புத்தூரும் சூழத் தனித்துக் கிடந்த நிலத்துண்டு அது. 1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது அது கேரளத்தின் பங்காயிற்று. அதற்கும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கும் பாலக்காட்டுக் கணவாய், மேலைக் கடற்கரைத் துறைமுகங்களையும் கொங்கு நாட்டையும் இணைத்த வணிக வழியாக இருந்தது. கோவைக்கு அருகே வெள்ளலூரில் கிடைத்த ரோமானியக் காசுக் குவியல்களும், கேரளத்தின் பட்டணம் அகழாய்வில் வெளிப்பட்ட ஆம்போரா எனப்படும் இருகைப்பிடி மதுச்சாடிகளின் ஓடுகளும் அவ்வணிகத்தின் எச்சங்கள். யவனர் கொண்டுவந்த தேறலைப் பாண்டியன் பருகுவதைப் புறநானூற்றின் 56ஆம் பாடல் குறிப்பிடுகிறது. அந்தத் தேறல் மரக்கலத்திலும் பொதிமாட்டிலும் ஏறி வந்து சேர்ந்தபோது, அதன் விலையில் பெரும்பங்கு சுமைகூலியாகவே இருந்திருக்கும் என்று கருதுவதில் தவறில்லை.

ஆக்குபவரிடமிருந்து குடிப்பவரிடம் மதுவைக் கொண்டுசேர்க்கும் செலவு இன்று உலகில் அதிகம் பேசப்படும் இடம் அமெரிக்கா. அங்கே 1933இல் மதுவிலக்கு நீங்கியபின், உற்பத்தியாளர், மொத்த வணிகர், சில்லறைக் கடை என்ற மூன்றடுக்கு முறை பெரும்பாலான மாநிலங்களில் நிலைபெற்றது. திராட்சைத் தோட்டத்தை ஒட்டியே ஒயின் வடிக்கும் சிற்றாலைகள் இந்த அடுக்குகளைத் தாண்டித் தம் சரக்கை வாடிக்கையாளரின் வீட்டுக்கு நேரே அனுப்பும் ஏற்பாடு அதன் பின்னரே பரவியது. உள்மாநில ஆலைக்கு நேரடி விற்பனையை அனுமதித்துவிட்டு வெளிமாநில ஆலைக்கு அதை மறுத்த மிச்சிகன், நியூயார்க் மாநிலச் சட்டங்கள் செல்லா என்று 2005ஆம் ஆண்டு மே மாதம் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கிரான்ஹோம் வழக்கில் தீர்ப்பளித்த பிறகு, மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கதவைத் திறந்தன. கதவு திறந்ததே தவிர, வழிச்செலவு ஏறிக்கொண்டே வந்தது. அரசு அஞ்சல் துறை மதுவை ஏற்காது என்பதால் ஃபெடெக்ஸ், யூ.பி.எஸ். ஆகிய இரு தனியார் நிறுவனங்களையே ஆலைகள் பெரிதும் நம்பவேண்டியுள்ளது. அவை 2023ஆம் ஆண்டுக்குப் பொதுக் கட்டணத்தைச் சராசரியாக 6.9 விழுக்காடும், 2024, 2025ஆம் ஆண்டுகளுக்கு 5.9 விழுக்காடும் உயர்த்தின. அதற்குமேல் எரிபொருள் மேல்கட்டணம், வீட்டு முகவரிக்கான மேல்கட்டணம், 21 வயது நிரம்பியவர் நேரில் கையொப்பமிட்டுப் பெறவேண்டும் என்பதற்கான கட்டணம், வெயில் காலத்தில் பனிக்கட்டிப் பொதி ஆகியன தனித்தனியே சேர்கின்றன.

எடையைப் பார்த்தால் காரணம் விளங்கும். 750 மில்லிலிட்டர் ஒயின் அடைக்கும் வெறும் கண்ணாடிப் புட்டியே ஏறத்தாழ அரைக் கிலோ இருக்கும். பன்னிரண்டு புட்டிகள் கொண்ட ஒரு பெட்டியில் ஒன்பது லிட்டர் ஒயினுக்கு ஏறக்குறைய ஆறு கிலோ கண்ணாடி துணைப்பயணம் செய்கிறது. கூலி கொடுப்பவர் ஒயினுக்கு மட்டும் கொடுப்பதில்லை. ஆயினும் இந்தச் செலவு முழுவதும் எடையும் தொலைவும் எரிபொருளும் சேர்ந்து ஆக்கும் செலவு. கணக்கிட்டுப் பார்த்து வாங்கலாமா, வேண்டாமா என்று முடிவு செய்துகொள்ள முடிகிற செலவு. வேலந்தாவளத்தில் நிலைமை வேறு. இங்கே மதுவின் பயணச் செலவைத் தீர்மானிப்பது கிலோமீட்டர் அன்று, காகிதம்.

வேலந்தாவளத்திலிருந்து தென்மேற்கே கொழிஞ்சாம்பாறையை நோக்கிச் செல்லும் சாலையின் இருமருங்கும் தோப்புகளாகவே விரிகின்றன. கேரளக் கள்ளுக்கடைகளுக்கு வேண்டிய கள்ளில் பெரும்பங்கை ஈந்துவருவது இந்தச் சித்தூர் வட்டமே. கடலோர மாவட்டங்களில் மரமேறுவோர் அருகிப்போனதாலும், தென்னை வாடல் போன்ற நோய்களாலும், எறணாகுளம் முதலிய மாவட்டங்களின் கடை உரிமதாரர்கள் இங்குள்ள தோப்புகளைக் குத்தகைக்கு எடுத்து, தம் கடைக்கென மரங்களைப் பதிவு செய்துகொள்கின்றனர். கள் இறக்கும் ஒவ்வொரு மரத்துக்கும் மரவரி கட்டி, கலால் துறையினர் இடும் எண் பெறவேண்டும்; அடிமரத்தில் தெரியும் எண்கள் தோப்புக்குள் நடப்பவரின் கண்ணில் முதலில் படுகின்றன. மலராத பாளையை நாரால் இறுகச் சுற்றி, எலும்புத் துண்டால் நாள்தோறும் மெல்லத் தட்டிப் பதப்படுத்தி, நுனியை வளைகத்தியால் இழைபோலச் சீவி, வெட்டுவாயில் களிமண்ணும் இலைச்சாறும் தடவிக் கலயத்தைப் பொருத்தும் வேலை முழுக்கக் கைப்பக்குவத்தால் நடப்பது. தட்டு கூடினால் பாளை கன்றிப்போகும். குறைந்தால் சாறு ஊறாது. காலையும் மாலையும் மரமேறிக் கலயத்தில் சேர்ந்ததை இறக்கினாலும், சீவுவதற்கென்று தனியே ஏறவேண்டியிருப்பதால், ஒரு தொழிலாளி நாளொன்றுக்கு ஏறி இறங்கும் உயரம் சிறு மலை ஒன்றுக்கு நிகராகும். இவர்களுக்கென 1969ஆம் ஆண்டிலேயே கேரளம் நலநிதிச் சட்டம் இயற்றியது பாராட்டத்தக்கது.

கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் சாறு புளிக்காமல் பதநீராக நிற்கும். தடவாத கலயத்தில், காற்றிலும் கலயத்திலும் உள்ள ஈஸ்ட் நுண்ணுயிர்கள் சாறு சொட்டத் தொடங்கிய கணத்திலிருந்தே சர்க்கரையை ஆல்ககாலாக மாற்றத் தொடங்கிவிடுகின்றன. சில மணி நேரத்தில் கள்ளாகி, ஒரு நாளைக் கடந்தால் காடியாகத் திரும்புகிறது. ஒயின் வழியில் தாமதமானால் கட்டணம்தான் கூடும். கள் தாமதமானால் சரக்கே போய்விடும். அதனால் காலையில் இறக்கிய கள் வடிகட்டப்பட்டு, பிளாஸ்டிக் கேன்களில் நிரப்பப்பட்டு, வெயில் ஏறுமுன் வண்டியேறுகிறது. அந்த வண்டி எந்தத் தோப்பிலிருந்து எந்தக் கடைக்கு எவ்வளவு கள்ளை எந்த வழியாகக் கொண்டுசெல்கிறது என்பதைக் குறிக்கும் பெர்மிட் ஓட்டுநரிடம் இருக்கவேண்டும்; வழி மாறினாலும் அளவு கூடினாலும் குறைந்தாலும் அது வழக்காகும். தென்னங்கள்ளின் ஆல்ககால் அளவுக்கு 8.1 விழுக்காடு என்று வரம்பு வகுத்த விதி நீதிமன்றங்களில் நெடுநாள் வாதிடப்பட்டதற்கு அடிப்படையும் இந்தப் பயணமே: தோப்பில் வரம்புக்குள் இருந்த கள், வெயிலில் குலுங்கிக்கொண்டே போகும் கேனுக்குள் தானாக ஏறிக்கொண்டிருக்கிறது.

இத்தனை கெடுபிடி வேண்டுமா என்று கேட்போருக்கு 2010ஆம் ஆண்டின் மலப்புறம் நிகழ்வு விடையாக அமையும். அவ்வாண்டு செப்டம்பரில் அம்மாவட்டத்தில் நஞ்சு கலந்த கள்ளைக் குடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். தேவைக்குக் குறைவாகவே நல்ல கள் கிடைக்கும் சந்தையில், வெளிமாநிலத்திலிருந்து கடத்திவரப்படும் எரிசாராயத்தைக் கலந்து அளவைப் பெருக்கும் வணிகம் பல்லாண்டுகளாக நடந்துவந்தது. வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் போன்ற சிற்றெல்லைகளில் கலால் சோதனை இன்றும் தொடர்வது அதனாலேயே. கள் வண்டிகளின் போக்குவரத்தைக் கணினி வழியே பின்தொடரும் ஏற்பாட்டையும் கேரள அரசு அண்மை ஆண்டுகளில் அறிவித்தது. மரவரி, பெர்மிட், காத்திருப்பு, கெட்டுப்போகும் பங்கு ஆகிய அனைத்தும் எறணாகுளத்துக் கடையில் ஒரு குப்பிக் கள்ளின் விலைக்குள் அடங்கியிருக்கின்றன. தனிச்சீட்டு எழுதப்படாததால் குடிப்பவருக்குத் தெரிவதில்லை.

இனி எல்லையின் கிழக்குப்புறம். அதே மண்ணில் நிற்கும் தென்னையிலிருந்து கள் இறக்குவது தமிழ்நாட்டில் 1987ஆம் ஆண்டு சனவரி முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இன்றும் உயிரோடிருக்க, அதன் கீழேயே 2003ஆம் ஆண்டு முதல் கடைவழிச் சில்லறை மது விற்பனை முழுவதையும் டாஸ்மாக் என்ற அரசு நிறுவனம் நடத்திவருகிறது. ஆலையில் வடித்த பிராந்திக்கு இடமுண்டு, மரத்தில் ஊறும் கள்ளுக்கு இல்லை. இந்த முரணைச் சுட்டித்தான் தமிழ்நாடு கள் இயக்கத்தின் ஒருங்கிணைப்பாளர் செ. நல்லசாமி போன்றோர் ஆண்டுக்கணக்கில் குரல் கொடுத்துவருகின்றனர். உடல்நலம் பற்றிய அவர்களது வாதங்கள் எல்லாவற்றையும் அப்படியே ஏற்கவேண்டியதில்லை. ஆனால் உழவரின் தோப்பில் விளையும் ஒரு பொருளை விலக்கிவிட்டு ஆலைச் சரக்கை அரசே விற்பதற்குப் பொருளியல் வழியிலோ நலவாழ்வு வழியிலோ ஏற்கத்தக்க விளக்கம் இதுவரை தரப்படவில்லை என்பது உண்மை. விளைவாக, வேலந்தாவளத்துத் தோப்பின் கள் நூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள எறணாகுளத்துக்குச் சட்டப்படி போகும். கண்ணுக்குத் தெரியும் தொலைவிலுள்ள பிச்சனூருக்குப் போகாது. சரக்கு வாடிக்கையாளரிடம் வரமுடியாத நிலையில் வாடிக்கையாளரே சரக்கிடம் போகிறார்: கோவைப் பக்கத்து ஊர்களிலிருந்து எல்லை தாண்டிவந்து, கப்பையும் மீன்கறியும் பரிமாறும் கேரளக் கள்ளுக்கடைகளில் அமர்ந்து குடித்துவிட்டுத் திரும்புவோர் இந்தச் சாலைகளில் எந்நாளும் உண்டு. பேருந்துக் கட்டணமோ பெட்ரோல் செலவோ அவருடைய சுமைகூலி.

இவ்வட்டாரத்தில் எல்லை தாண்டுவதற்கு ஒழுங்கான ஏற்பாடு பெற்ற நீர்மம் தண்ணீர் ஒன்றே. 1970 மே 29ஆம் நாள் கையொப்பமான பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தத்தின்படி, ஆண்டுதோறும் 7.25 டி.எம்.சி. நீரை மணக்கடவு அணைக்கட்டில் தமிழ்நாடு கேரளத்துக்கு வழங்கவேண்டும், ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. மழை குறைந்த சித்தூர் வட்டத்தின் தென்னைகள் பசுமையாக நிற்பதற்கு அந்த நீர் முதன்மையான துணை. அந்த நீர் போதாமல் நிலத்தடி நீரை நம்பியிருந்த பெருமாட்டி ஊராட்சியின் பிலாச்சிமடையில் 2000ஆம் ஆண்டில் கோகோ கோலா ஆலை தொடங்கப்பட்டு, மக்கள் போராட்டத்தாலும் ஊராட்சியின் மறுப்பாலும் 2004 மார்ச்சில் நின்றது. அந்த ஆலையின் புட்டிகள் எந்த எல்லையிலும் கலால் பெர்மிட் கேட்டு நிறுத்தப்பட்டதில்லை. அதற்கு வடக்கே மேனோன்பாறையில், மூடப்பட்ட சித்தூர் சர்க்கரை ஆலையின் வளாகத்தில் இருப்பது மலபார் டிஸ்டிலரீஸ் என்ற கேரள அரசு நிறுவனம். அங்கே அரசே மது தயாரிக்கும் திட்டமும் தண்ணீர்க் கணக்கை முன்னிட்டு எதிர்ப்பைச் சந்தித்தது. மதுவை ஓரிடத்தில் புட்டியிலடைப்பது என்பது அவ்விடத்து நீரை வெளியூருக்கு அனுப்புவதும் ஆகும் என்ற உணர்வு இப்பகுதி மக்களுக்கு நன்றாகவே உண்டு.

2017 சூலை முதல் நாள் சரக்கு–சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது வணிகவரிச் சோதனைச்சாவடிகள் மூடப்பட்டன. வேலந்தாவளத்தில் லாரிகள் வரிசையில் நின்ற காலம் அத்தோடு முடிந்தது. மனிதர் பருகும் மதுவோ அந்த வரிக்கு வெளியே நிறுத்தப்பட்டது. அரசமைப்பின் ஏழாம் அட்டவணையில் மாநிலப் பட்டியலின் 8ஆம் உள்ளீடு மதுவின் ஆக்கம், இருப்பு, போக்குவரத்து, விற்பனை ஆகிய அனைத்தையும் மாநிலங்களின் கையில் ஒப்படைத்துள்ளது. மதுவணிகம் குடிமகனின் அடிப்படை உரிமை ஆகாது என்று 1994ஆம் ஆண்டு கோடே டிஸ்டிலரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. ஆகவே நாசிக்கில் வடித்த ஒயின் புட்டி கேரளத்துக்கோ தமிழ்நாட்டுக்கோ வரவேண்டுமானால், அம்மாநிலத்தில் அதன் பெயர்ச்சீட்டைப் பதிவு செய்து, இறக்குமதி அனுமதி பெற்று, கட்டணம் செலுத்தி, அரசு நிறுவனத்தின் கிடங்குக்கே வந்து சேரவேண்டும். புட்டிக்கும் லாரி வாடகைக்கும் ஆலை செலுத்திய சரக்கு–சேவை வரியை, மது அவ்வரிக்குப் புறம்பானது என்பதால், கழித்துக்கொள்ளவும் வழியில்லை. மகாராட்டிரம் 2001ஆம் ஆண்டுக் கொள்கையால் உள்மாநில ஒயினுக்குக் கலால் வரியை விலக்கி வளர்த்தது உண்மையே. அந்தச் சலுகை மாநில எல்லையோடு நின்றுவிட்டது. ஆலையிலிருந்து நேரே வீட்டுக்கு என்ற பேச்சுக்கே இடமில்லாததால், கூரியர் கட்டணம் ஏறியது என்று குறைப்படவும் இங்கே ஒருவருக்கு வாய்ப்பில்லை.

எல்லையை ஒட்டியே தெற்கே செல்ல விரும்புவோர், பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை வழியாகச் சின்னாறு சாவடியைக் கடந்து இடுக்கி மாவட்டத்துக்குள் ஏறலாம். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற மறையூர் வெல்லமும், காந்தளூரின் ஆப்பிள், பிளம்ஸ் பழங்களும் இவ்வழியின் விளைபொருள்கள். பழம் முதலிய, தானியம் அல்லாத விளைபொருள்களிலிருந்து செறிவு குறைந்த ஒயின் வடிக்கும் சிற்றாலைகளுக்குக் கேரளம் 2022ஆம் ஆண்டு விதிகளால் இடமளித்தது. கேரள வேளாண் பல்கலைக்கழகம் ‘நிளா’ என்று பாரதப்புழையின் பெயரிட்டுப் பழ ஒயின்களை உருவாக்கியது. மலைச்சரிவில் உதிர்ந்து வீணாகும் பழத்துக்கு அது நல்ல வழியே. மூணாறு, பூப்பாறை கடந்து போடிமெட்டில் இறங்கினால் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கு. 1895ஆம் ஆண்டு முதல் முல்லைப்பெரியாற்று நீர் பாயும் இப்பள்ளத்தாக்கில் பன்னீர்த் திராட்சை ஆண்டு முழுதும் ஏதேனும் ஒரு தோட்டத்தில் அறுவடைக்கு நிற்கும். 1832இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்ததாகக் கூறப்படும் இவ்வகைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

கம்பத்துத் தோட்டத்தில் காலையில் வெட்டிய குலை, பிளாஸ்டிக் கூடையில் அடுக்கப்பட்டு, கம்பம்மெட்டு ஏறியோ குமுளி வழியாகவோ அன்றே கேரளச் சந்தையை அடைகிறது. பழம் என்ற வடிவில் அதற்கு வரியில்லை, பெர்மிட் இல்லை, பெயர்ச்சீட்டுப் பதிவும் இல்லை. அதே குலையைத் தேனி மாவட்டத்து ஆலையில் நசுக்கிப் புளிக்கவைத்தால், மலையின் மறுபக்கத்துக்கு அது வேற்றுமாநில மதுவாகிவிடுகிறது; தோட்டத்துக்கு அடுத்த வீட்டுக்காரரும் டாஸ்மாக் கடைக்குப் போய்த்தான் அதை வாங்கவேண்டும். விலை வீழும் பருவத்தில் திராட்சையைக் கொடியிலேயே விட்டுவிடும் உழவருக்கு ஒயின் ஒரு போக்கிடமாக வளராமல் போனதற்குக் குடிப்பவரின் சுவையைக் குறைகூறுவோர் உண்டு. இரு மாநிலச் சட்டங்கள் நடுவில் எழுப்பியுள்ள செலவே முதற்காரணம் என்பதே இவ்வழியில் கண்டவற்றிலிருந்து கிடைக்கும் முடிவு.

பெருந்தொற்றுக் காலம் ஒரு வாய்ப்பைத் தந்தது. 2020 மே 8ஆம் நாள் உச்ச நீதிமன்றம், வீட்டுக்கே கொண்டுசேர்க்கும் முறையை மாநிலங்கள் எண்ணிப் பார்க்கலாம் என்றது. சத்தீசுகர், மேற்கு வங்கம், ஒடிசா, சார்க்கண்டு ஆகியவை அவ்வாண்டில் அதைத் தொடங்கின. கேரளம் பெவ்கியூ என்ற செயலி வழியாக வரிசைச் சீட்டு மட்டும் வழங்கியது. சீட்டுடன் கடைக்கு நடக்கவேண்டியவர் வாடிக்கையாளரே. தமிழ்நாடும் வீட்டுக்கே கொண்டுசேர்க்கத் தொடங்கவில்லை.

வேலந்தாவளம் வழியே செல்ல எண்ணுவோர் ஒன்றை அறிந்திருப்பது நல்லது: கேரளத்தில் தனிநபர் ஒன்றரை லிட்டர் வரை கள் வைத்திருக்கலாம், சோதனைச்சாவடிக்குக் கிழக்கே ஒரு குப்பி இருந்தாலும் அது தமிழ்நாட்டுச் சட்டப்படி குற்றம். கள்ளின் சுவை அறிய விரும்புவோர் அதைக் கடையிலேயே அமர்ந்து அருந்திவிட்டு, வண்டி ஓட்டுவதை வேறொருவரிடம் விட்டுத் திரும்புவதே முறை.